வெள்ளத்தாய் ஏற்றிய ஜீப்

ஏலக்காய் மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஸ்டாண்டில் கங்காதரன் வச்சதுதான் சட்டம். அவர்தானே சங்கத் தலைவர். அங்கே தன் ஜீப்பையும் நிறுத்த இடம் வேணும் என்று வெள்ளத்தாய் போய்க் கேட்டாள். காயலான் கடையில் கிடந்த வண்டியை வாங்கி, ஒரு வருஷம் கிரீஸும் கையுமாகக் கழற்றி மாட்டிப் பழகி, மலையேறும் ஜீப்பாகத் தானே மாற்றியவள் அவள்.

"ஸ்பேனர் பிடிச்சவளெல்லாம் மெக்கானிக்கா?" என்று சிரித்தார் தலைவர். அன்றைக்குப் பார்த்து அவர் ஜீப்பே ஸ்டாண்டை ஒட்டிய ஏற்றத்துச் சேற்றில் மாட்டிக் கிடந்தது. "கயிறு கட்டக் கூடாது, ஆள் தள்ளக் கூடாது. அதை மேல ஏத்திக் காட்டு, இடம் தர்றேன்."

"சரிங்க தலைவரே, நீங்களே ஏறி உக்காருங்க."

முன்சக்கரம் இரண்டின் நடுவிலும் இருந்த திருகைக் கையால் திருப்பினாள். "இப்ப எடுங்க."

நாலு சக்கரமும் சேற்றைக் கடிக்க, ஜீப் விறுவிறுவென்று ஏறிவிட்டது.

"என்ன புள்ள செஞ்ச? நாலு சக்கரக் கியரைப் போட்டாலே நாலும் இழுக்கும்னுல்ல நினைச்சேன்! அந்தத் திருகுக்கு வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிறேனே!"

"சந்தனம் வச்சீங்க, திருப்பலையே. பின்சக்கரம் ரெண்டும் பாடுபட்டுச்சு. முன்சக்கரம் ரெண்டும் சங்கத் தலைவர் மாதிரி முன்னால போனதோட சரி. இப்பத்தான் அதுகளையும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்."

சிரிக்கக்கூட அங்கே ஆளில்லை. டிரைவர்கள் எல்லாரும் அவரவர் ஜீப்பின் முன்சக்கரத்தருகே குனிந்து கிடந்தார்கள். "ஏ வெள்ளத்தாயி, இதை எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று ஒரு குரல் வந்தது.

ஏற்றத்திலிருந்து ஸ்டாண்டுக்குத் திரும்பி வந்த தலைவர், வரிசையில் ஒரு இடம் விட்டுத் தள்ளித் தன் ஜீப்பை நிறுத்தினார்.