பந்து இருந்த பக்கம்

ஓர் ஊரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். சீடருக்கு வயது நாற்பத்தெட்டு. தொப்பை, சர்க்கரை, கல்யாண வயதில் இரண்டு பெண்கள். குருவுக்கு முப்பத்திரண்டு. இருவருக்கும் உடுப்பு காக்கிதான்.

குரு, போலீஸ் மோப்ப நாய்ப் பிரிவின் பயிற்சியாளர், எஸ்.ஐ. தமயந்தி. கையில் பிரம்பு கிடையாது, குரலை உயர்த்துவதும் கிடையாது. ஒரு பார்வை பார்த்தால் நாயும் போலீசும் சேர்ந்து கீழ்ப்படியும். அதனால் பிரிவில் எல்லோருக்கும் அவர் டீச்சர். சீடர், ஏட்டு அருமைநாயகம். வெடிமருந்து தேடும் கறுப்பு லாப்ரடார் ஷீபா ஆறு வருஷமாக அவர் கையில் இருக்கிறது.

ஜனவரி இருபத்தெட்டு, காலை ஏழு மணி. தமயந்தி கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். அருமைநாயகம் ஷீபாவோடு வந்து நின்றார்.

"டீச்சர், நாய் பொய் சொல்லுமா?"

"மூஞ்சி ஏன் இப்படிக் கிடக்கு ஏட்டய்யா? தூங்கலையா?"

"மூணு நாளாச்சு."

அந்த மூன்று நாள் கதை ஊருக்கே தெரியும். இருந்தாலும் சொல்ல வேண்டும்.

குடியரசு தினத்துக்கு முந்தின நாள் ரயில் நிலையத்தில் சோதனை. இரண்டாவது பிளாட்பாரத்தில் ஒரு பெரிய மூட்டையோடு உட்கார்ந்திருந்தார் பஷாரத். காஷ்மீர்க்காரர். பதினொரு வருஷமாகக் குளிர்காலம் வந்தால் இந்த ஊரில் போர்வை விற்பவர், அதே லாட்ஜ், அதே அறை. ஷீபா மூட்டையை ஒரு சுற்றுச் சுற்றி அதன் எதிரில் உட்கார்ந்தது.

வெடிமருந்து நாய் குரைக்காது. மருந்து வாசம் பட்டால் சத்தமில்லாமல் உட்காரும். உட்கார்ந்தால் அதற்கு ஒரு ரப்பர் பந்து கிடைக்கும். அதன் சம்பளம், பென்ஷன், சொர்க்கம் எல்லாம் அந்தப் பந்துதான்.

மூட்டையைப் பிரித்தார்கள். நாற்பத்திரண்டு போர்வை, ஒரு டிபன் கேரியர், மகளுக்கு வாங்கிய ஒரு ஜோடி சிவப்பு ஷூ. அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். அதற்குள் யாரோ ஒரு பயணி எடுத்த பன்னிரண்டு விநாடி வீடியோ ஊரை விட்டே கிளம்பிப் போயிருந்தது. அந்த நிலையத்திலிருந்து எந்த ரயிலும் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

வீடியோவுக்குக் கீழே, 'நாய்க்குத் தெரிஞ்சது நாட்டை ஆள்றவனுக்குத் தெரியலையே' என்று எழுதினார் ஒருவர். 'வெளிய விட்டுட்டாங்களாமே, எவ்ளோ வாங்குனாங்களோ' என்றார் இன்னொருவர். 'நான் துபாய்ல இருந்து பாக்குறேன் பிரதர், இங்க ரத்தம் கொதிக்குது' என்றது ஒரு குரல். 'இவனுங்க எந்த லாட்ஜ்ல தங்குறானுங்கன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, சும்மா ஒரு விழிப்புணர்வுக்கு' என்றது ஒரு சாந்தமான குரல், கும்பிடு போட்டு. நடுவில் ஒருவர் மட்டும், 'நாய் என்ன ரகம், குட்டி கிடைக்குமா' என்று கேட்டிருந்தார்.

லாட்ஜ் பெயரை யாரோ சொன்னார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பஷாரத்தைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். நாற்பத்திரண்டு போர்வையும் நடு ரோட்டில் எரிந்தது. அவருக்கு இடது கண் போயிற்று.

மறுநாள் அவருக்கு ஆபரேஷன் நடந்த நேரத்தில் மைதானத்தில் கொடியேற்றினார்கள். ஷீபாவோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது. அருமைநாயகத்தின் வாயில் ஒருவர் லட்டு ஊட்டினார்.

இப்போது பஷாரத் அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீடியோ பரவியதும் மறுபடி கைது செய்துவிட்டார்கள்; ஒரு கை கட்டிலோடு விலங்கில். மூட்டையில் ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாய் சும்மா உட்காருமா என்று வீடியோ பார்த்த பதினாலு லட்சம் பேர் கேட்கும்போது விலங்கைக் கழற்ற எந்த அதிகாரிக்கும் கை வரவில்லை.

"டி.எஸ்.பி. பதினொரு மணிக்குள்ள அறிக்கை கேக்குறார்" என்றார் அருமைநாயகம். "மருந்து வாசம் இருந்துதான் நாய் உட்கார்ந்துச்சுன்னு நான் எழுதினா கேஸ் நிக்கும். இல்லைன்னு எழுதினா அவனை விட்டுருவாங்க."

"நீங்க என்ன எழுதப் போறீங்க?"

"எம் பொண்ணு மாதிரி டீச்சர் இது. ஆறு வருஷத்துல ஒரு தடவை தப்பா உட்கார்ந்ததில்லை. மருந்துப் பொடி எங்கயாவது ஒட்டியிருந்திருக்கும். இது பொய் சொல்லாது."

தமயந்தி தண்ணீர்க் குழாயை மூடினார். மைதானத்துக்குப் போய் பத்து மரப்பெட்டிகளை வரிசையாக வைத்தார்.

"நாலாவதுல மருந்து இருக்கு. கூட்டிட்டுப் போங்க."

"எதுல இருக்குன்னு சொல்லவே மாட்டீங்களே."

"இன்னைக்குச் சொல்றேன்."

அருமைநாயகம் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஷீபா முகர்ந்துவிட்டுத் தாண்டியது. நாலாவதில் நின்றது. தலையைத் தூக்கி அவரை ஒரு தடவை பார்த்தது. உட்கார்ந்தது.

மூன்று நாளில் முதல் தடவையாக அவருக்கு மூச்சு சீராக வந்தது.

"பாத்தீங்களா" என்று பந்தை எடுத்தார்.

"பந்து வேண்டாம். பெட்டியைத் திறங்க."

திறந்தார். மர வாசனை மட்டும்தான் இருந்தது. ஐந்தாவதைத் திறந்தார். பிறகு மிச்சம் எட்டையும் திறந்தார்.

"மருந்து அலமாரியை ஒரு வாரமா யாருமே திறக்கலை" என்றார் தமயந்தி.

"அப்ப இது ஏன் உட்கார்ந்துச்சு?"

"உங்க போனைக் குடுங்க. அந்த வீடியோ இருக்கும்ல?"

இருந்தது. தேசியக் கொடி படம் போட்டு அன்றைக்கு அவர் ஸ்டேட்டஸ் வைத்ததும் அதையேதான். பந்தைப் பாக்கெட்டில் போட்டுவிட்டுப் போனை நீட்டினார்.

தமயந்தி வீடியோவை ஓடவிட்டு, திரையில் ஷீபா இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்தார்.

"நாயைப் பாக்காதீங்க."

நாய் மறைந்ததும் திரையில் இருந்தது ஒரு காக்கி இடுப்பு. இடது கையில் வார். எதிரில் மூட்டை, அதன் பின்னால் தாடி வைத்த ஒரு முகம். வலது கை மெல்ல இறங்கியது. பேண்ட் பாக்கெட்டுக்குள் போய் எதையோ இறுக்கிப் பிடித்தது.

தமயந்தி விரலை எடுத்தார். ஷீபா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. தலையைத் தூக்கி அந்தக் கையைப் பார்த்தது. அப்புறம்தான் உட்கார்ந்தது.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் அருமைநாயகம்.

நாலு தடவை பார்த்தார். நாலாவது தடவை, மூட்டைக்குப் பத்தடி முன்னாலேயே அந்த முகத்தைப் பார்த்ததும், 'இவன்தான்' என்று மனசுக்குள் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"நான் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லலையே, டீச்சர்."

"சொல்லலை."

"இத்தனை லட்சம் பேர் பாத்திருக்காங்க. ஒருத்தருக்குமா தெரியாமப் போச்சு?"

"ஷீபா உங்களைப் பாத்து உட்கார்ந்தா. அவங்க ஷீபாவைப் பாத்து உட்கார்ந்தாங்க."

அருமைநாயகம் ஒரு காகிதம் கேட்டார். காலிப் பெட்டி ஒன்றின் மேல் வைத்து எழுதினார். மூன்றே வரி. மூட்டையில் எதுவும் இல்லை. நாய் மேல் தவறு இல்லை. நாயை உட்கார வைத்தது என்னுடைய கை. கையெழுத்துப் போடும்போது பெண்கள் இருவரின் முகமும் வந்து போனது. போட்டார்.

தமயந்தி அதை வாங்கிப் படித்தார். ஒரு சொல்லைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

"இது போதும்ல, டீச்சர்? விலங்கைக் கழட்டிருவாங்கல்ல? அவரு அவரோட ஊருக்குப் போயிருவாருல்ல?"

"போயிருவாரு."

"அதோட எல்லாம் சரியாயிரும்ல?"

அவ்வளவு நேரமும் ஷீபா நாலாவது பெட்டி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கண் அவர் பாக்கெட் மேலேயே இருந்தது.

"அவளை எழுப்புங்க" என்றார் தமயந்தி.

"ஷீபா, அப்."

ஷீபா எழுந்து காதை உதறிக்கொண்டது.

"ஒருத்தி எழுந்துட்டா, ஏட்டய்யா" என்றார் தமயந்தி. "மிச்சம் பதினாலு லட்சம் பேர் இருக்காங்க."