ஜெசிந்தாவுக்கு இறால் சாலட்

சூசை கப்பலில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவர். ஓய்வு பெற்றபின் தூத்துக்குடியில் ஒரு சமையல் வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்தைந்து வயது. ஆசிரியை அனிட்டாவுக்கு முப்பத்தொன்று.

பங்குனி மாதம். வகுப்பின் தோட்டத்திலிருந்து சூசை மூச்சிரைக்க ஓடிவந்தார். இரண்டு கைகளிலும் கூடை.

“டீச்சர்! பதினேழு வகை! வெள்ளரிப் பிஞ்சு, முள்ளங்கி, புதினா, மல்லி... கப்பல்ல டப்பாக் காயாப் பாத்த கண்ணு டீச்சர் இது!”

“இறால்?”

“காலையில கரைக்கு வந்தது. அவிச்சு, ஐஸ்ல ஆற வச்சாச்சு.”

அன்று மதியம் சூசையின் மனைவி ஜெசிந்தா வகுப்புக்குச் சாப்பிட வருவதாக இருந்தது. சூசை கப்பலிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஜெசிந்தாவே சமைப்பார். கணவரை அடுப்பருகே விடமாட்டார். சூசையின் கையால் அவர் சாப்பிடப்போவது இதுதான் முதல் முறை.

“சாலட்டுல எதையெல்லாம் போடட்டும் டீச்சர்?”

“கப்பல்ல என்ன செய்வீங்க அண்ணாச்சி?”

“முப்பது பேரு. எவனுக்கு எது பிடிக்குமோ! எல்லாத்தையும் போட்டுருவேன்.”

“இன்னைக்கு ஒருத்தங்கதானே? அவங்களுக்கு என்ன பிடிக்கும்?”

சூசை கூடைகளைக் கீழே வைத்தார்.

“எனக்குப் பிடிச்சதைத்தான் அவ வீட்டுல சமைப்பா” என்றார் மெதுவாக.

வாசல் கதவு திறந்தது. ஜெசிந்தா வந்துவிட்டார்.

அனிட்டா இறால் கிண்ணத்தை எடுத்து சூசையிடம் நீட்டினாள். “தோட்டத்தைச் சுத்திக் காட்டுங்க. ஒவ்வொரு செடியிலயும் கொஞ்சம் பறிச்சு, ஒரு இறாலோட அவங்களுக்குக் குடுங்க.”

“சாலட் செய்யாமலா? விருந்தாளிக்கா?”

“ஆமா.”

இருவரும் செடிகளுக்கு நடுவே போனார்கள். சற்று நேரத்தில் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. “ஏங்க, இலைஇலையாப் பறிச்சுக் குடுக்கீங்களே, நான் என்ன ஆடா?”

பிறகு சிரிப்பு. இரண்டு பேரின் சிரிப்பு.

சூசை மறுபடி ஓடிவந்தார். “டீச்சர்! புதினாவைத் துப்பிட்டா! மல்லியும் வேண்டாமாம். ஆனா மாங்காய்ப் பிஞ்சை இறாலோட கடிச்சா பாருங்க, அடுத்ததை நான் பறிக்கதுக்குள்ள அவளே எட்டிப் பறிச்சுட்டா! மூணு தின்னுட்டா டீச்சர், மூணு! கத்தி எங்கே, கத்தி?”

அனிட்டா கத்தியைக் கொடுத்தாள்.

சூசை மாங்காயைப் பொடியாக நறுக்கினார். இறாலோடு கலந்தார். உப்பு ஜாடியைத் திறந்தார். கை நின்றது.

“உப்பு எவ்வளவு போடட்டும் டீச்சர்?”

“என்கிட்ட ஏன் கேக்கீங்க அண்ணாச்சி? அவங்க அங்கேதான் நிக்காங்க.”