ஐந்தாம் நாள் கிருமி

நாணல் ஏரிக்கரையில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. ஏரி வாத்துகளுக்குக் காய்ச்சல் கண்டிருந்த மாதம் அது. செத்து மிதந்த வாத்து ஒன்றை அப்பா நீர்நாய் தின்றுவிட்டது. இரண்டே நாளில் அதற்கும் காய்ச்சல்!

அந்த நீர்நாய்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால், குடும்பமே மேலே குவிந்து படுத்துச் சூடு கொடுக்கும். "இந்தக் காய்ச்சலுக்கும் அப்படிப் படுக்கலாமா?" என்று கேட்க, அம்மா நீர்நாய் கயலி வைத்தியம் பார்க்கும் தேவாங்கை அழைத்து வந்தது.

தேவாங்குக்குக் கண் பெரிது, குரல் சிறிது. நாலு பேர் முன்னால் பேசவே கூச்சம். ஆனால் கிருமிகள் பேசுவதுகூட அதன் காதில் விழும். மூக்கை இலையால் மூடிக்கொண்டு, நோயாளியின் மார்பில் காதை வைத்தது.

"யாரப்பா உள்ளே?"

"வாத்துக் கிருமி! வழி தவறி வந்துவிட்டேன். நெஞ்சுக்குள் கதகதப்பாக இருப்பதால் பிழைத்துக் கிடக்கிறேன். மூக்குப் பக்கம் போனால் குளிரிலேயே செத்துப்போவேன்!"

மூக்குக்கே வராத கிருமி தும்மலில் எப்படி வெளியேறும்? தேவாங்கு பொந்தை விட்டு வெளியே வந்தது.

"இது உங்களுக்குத் தொற்றாது. ஆனால் அவருக்கு மூச்சு வாங்குகிறது, மேலே பாரம் ஏற்றாதீர்கள். ஐந்தாம் நாள் மூச்சு சீராகிவிடும், அப்போது வந்து படுங்கள்" என்றது.

ஐந்தாம் நாள் மாலை, தேவாங்கு மறுபடி பார்க்க வந்தபோது நோயாளி தும்மியது. தேவாங்கு தன் மூக்கை மறுபடி இலையால் மூடிக்கொண்டு, நோயாளியின் மூக்கருகே காதைக் கொண்டுபோனது.

"இங்கே யார்?"

"நாங்கள்தான்! நெஞ்சில் இருந்தவனின் பேரனுக்குப் பேரன்கள்!"

"உங்களுக்குக் குளிருமே?"

"குளிரா? இதுதான் எங்கள் ஊர்!"

தேவாங்குக்குத் தலை சுற்றியது. நெஞ்சில் காதை வைத்தது. "மூக்கா? ஐயோ, குளிர்!" என்றது அங்கிருந்த கிருமி. தொண்டையில் கேட்டால், "எனக்கு எங்கேயும் சரிதான்" என்றது இன்னொன்று. ஒரே உடம்புக்குள் மூன்று பேச்சு! யார் சொல்வது பொய்?

"உங்களை யார் மாற்றினார்கள்?"

"யாரும் இல்லை" என்றன மூக்குக் கிருமிகள். "எங்களையே பார்த்து நகல் எடுப்போம். அவசரத்தில் தப்புத் தப்பாக வரும். தப்பாக வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் செத்துப்போவார்கள். நாங்கள் பிழைத்துவிட்டோம். எப்படி என்று எங்களுக்கே தெரியாது!"

அதற்குள் வாசலில் சத்தம். கயலி நான்கு குட்டிகளோடு வந்துவிட்டது.

"வழி விடுங்கள் வைத்தியரம்மா! இன்று ஐந்தாம் நாள்!"

தேவாங்கு வாசலுக்கு விரைந்தது. கேட்டது சரிதானா? தடுத்த பிறகு, ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? தடுக்காமல் விட்டு, குட்டிகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அது பொந்து வாசலில் இரு கைகளையும் விரித்து நின்றது.

"உள்ளே போகாதீர்கள்! இப்போது தொற்றலாம்!"

"அன்றைக்குத் தொற்றாது என்றீர்களே! ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்!" என்று கயலி சீறியது.

"அம்மா, வைத்தியரம்மா முழிக்கிற முழியைப் பாரேன்!" என்றது மூத்த குட்டி. மற்றவை சிரித்தன.

"முழிக்கத்தான் செய்கிறேன்" என்றது தேவாங்கு. "அன்று இருந்தது ஒன்று, இன்று இருப்பது வேறு. எனக்கே முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் விடமாட்டேன்!"

உள்ளேயிருந்து இருமலோடு ஒரு குரல் வந்தது. "கயலி, குட்டிகளைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போ. குளிருகிறதுதான். பரவாயில்லை, போ."

கயலி பொந்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தது. பிறகு குட்டிகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் இறங்கியது. தேவாங்கு காய்ந்த நாணலை அள்ளி வந்து நோயாளிக்குப் போர்த்தியது.

பன்னிரண்டாம் நாள் அப்பா நீர்நாய் எலும்பும் தோலுமாக எழுந்து வந்தது. வேறு யாருக்கும் காய்ச்சல் வரவில்லை. அன்று குவிந்து படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தேவாங்குக்கு இன்றுவரை தெரியாது.

நோய் நாளுக்கு நாள் மாறும். அதனால் நேற்றுச் சொன்னதை இன்று மாற்றிச் சொல்ல வெட்கப்படக் கூடாது.