வெள்ளரித் திட்டுக்கு ஒரு ராணி

எந்தக் காலமோ, அல்லிமேடு என்றொரு நாட்டைச் சொக்கேந்திர மகாராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. மாம்பழத்தில் மட்டும் எப்போதும் ஒரே புத்திதான்!

அவர் நாட்டுக்கும் அக்கரை நாட்டுக்கும் நடுவே ஆறு. ஆற்றுக்குள் ஒரு மணல்திட்டு, கரையில் ஒரு மாந்தோப்பு. திட்டை எடுப்பவருக்குத் தோப்பு கிடையாது என்பது பழைய உடன்படிக்கை. இரண்டு அரசர்களும் தோப்புக்கு மல்லுக்கு நின்றார்கள், திட்டைச் சீந்துவாரில்லை. அங்கே வெள்ளரி போட்டுப் பிழைத்தவள் காத்தாயி. வெள்ளம் வந்தபோது இரண்டு அரண்மனைகளிலும் போய் அழுதாள். "அது எங்கள் மண் இல்லையே" என்று இரண்டு பேருமே கையை விரித்தார்கள்.

"அப்படியா சங்கதி? அப்போ அது என் மண், நானே ராணி!" என்று பழைய புடவையைக் கிழித்துக் கொடியேற்றிவிட்டாள்.

ராஜாவுக்குத் தலை சுற்றியது. தண்டித்தால் அவள் நம் குடி. நம் குடி என்றால் திட்டு நம்முடையது. அப்புறம் தோப்பு போச்சு. விட்டாலோ, வெள்ளரிக்காரி நமக்குச் சமம்! ஐயோ, என்னதான் செய்வது?

"கூட்டி வருகிறேன், சபையிலேயே தீர்த்துவிடுவோம்" என்று மீசையை முறுக்கிக்கொண்டு போனான் படைத்தலைவன் அரிகண்டன். சொன்னபடி கூட்டியும் வந்தான். விஷயம் கேள்விப்பட்டு அக்கரைத் தூதரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா... வாருங்கள்... அட, உட்காரும்!" அவளை எப்படிக் கூப்பிடுவதென்றே ராஜாவுக்குப் புரியவில்லை.

அவளுக்கு ஆசனம் போட்டதும் அரிகண்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் நிற்கிறேன், இவளுக்கு ஆசனமா? திட்டு நம் மகாராஜாவுடையது. இந்தத் துரோகியின் தலையை வாங்குங்கள்!"

தூதர் துள்ளி எழுந்தார். "உங்கள் படைத்தலைவரே சொல்லிவிட்டார். திட்டு உங்களுக்கு, தோப்பு எங்களுக்கு. வரட்டுமா?"

"நில்லுங்கள்! அவன்... நான்... அப்படியில்லை..." ராஜாவுக்கு நாக்கு குழறியது.

காத்தாயி இடையில் புகுந்தாள். போவது தன் தலையாயிற்றே! ஆனாலும் குரல் நடுங்காமல் கேட்டாள். "மகாராஜா, அந்நிய மண்ணில் உப்பு வாங்கித் தின்ற சேவகன், அந்த மண்ணுக்குடையவரின் ஆள் ஆகிவிடுவான். இரண்டு கரையிலும் இதுதானே வழக்கம்? காலையில் இவர் தாகம் தாங்காமல், என் கையால் உப்பு வாங்கித் தொட்டுக்கொண்டு வயிறு முட்ட வெள்ளரி தின்றார். தாடியில் விதை ஒட்டியிருக்கிறது, பாருங்கள். இவர் என் ஆள். என் ஆளின் பேச்சு உங்களை எப்படிக் கட்டும்?"

சபையே அரிகண்டன் தாடியைப் பார்த்தது. விதை இருந்தது.

அதை ஒப்புக்கொண்டால் திட்டு அந்நிய மண், இவள் ராணி. மறுத்தாலோ தோப்பு போச்சு. மாம்பழம் கண்முன் வந்தது.

"ஆமாம் ராணியம்மா, ஆமாம்! இவன் உங்கள் ஆளேதான்!"

தூதர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அப்போ என் ஆளைக் கூட்டிப்போகிறேன். வெள்ளரிக் கொடிக்குத் தண்ணீர் ஊற்றக் கையாள் இல்லை" என்று எழுந்தாள் காத்தாயி.

அரிகண்டன் ராஜாவின் காலில் விழுந்தான். "மகாராஜா! நான் எப்போது திரும்பி வருவது?"

"என்னை ஏனப்பா கேட்கிறாய்?" என்றார் ராஜா. "உன் ராணியைக் கேள்."