சிங்க முத்திரைத் தடைக்கட்டை

அந்தக் காலத்தில், நூறடி தோண்டினால்தான் தண்ணீர் என்று ஒரு வறண்ட சீமை இருந்தது. அதைக் கோளரி மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒருவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவான், மத்தியானம் அவனையே கழுவேற்றச் சொல்வான், அப்படியொரு குணம். அவனிடம் இருபது வருஷம் மந்திரியாகக் காலம் தள்ளியவர் நாகதேவர். எப்படித் தள்ளினார் என்று கேட்கிறீர்களா? வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் பாதிநாள் மூடிக்கொண்டுதான்.

அந்த ராஜா ஒரே ஒரு நல்ல காரியம் செய்திருந்தான். ஊருக்கு ஊர் கிணற்றில் கயிறு ஓட ஒரு கப்பி போட்டுக் கொடுத்திருந்தான். கப்பி அரண்மனையுடையது. அதில் மாட்டுகிற மற்ற சாமான்களை எல்லாம் ஜனங்களே யோசித்துச் செய்தார்கள். ஒருவன் கயிறு நழுவாமலிருக்க வளையம் செய்வான், இன்னொருத்தி வாளி தளும்பாமலிருக்கக் கொக்கி செய்வாள். செய்ததைச் சாவடியில் கொண்டுபோய்த் தொங்கவிடுவார்கள். வேண்டியவர் எடுத்துப் போகலாம், அதைப் பார்த்து இன்னொன்று செய்துகொள்ளலாம். விலை என்ற பேச்சே கிடையாது. ஒரு வழக்கம் மட்டும் உண்டு. எடுத்துப் போனவர் அதில் குறை கண்டால், ஓலை நறுக்கில் எழுதி அந்தச் சாமானிலேயே கட்டிவிட வேண்டும். அடுத்தவர் அதைப் படித்துவிட்டுத்தான் கையில் எடுப்பார்.

அங்கே அம்மையப்பன் என்ற தச்சன் ஒரு தடைக்கட்டை செய்து தொங்கவிட்டான். கூடையில் உட்கார்ந்து தூர் வார இறங்குகிறவர்களுக்கு அதுதான் உயிர்க்காவல். மேலே இருப்பவன் கைநழுவ விட்டாலும் கப்பி தறிகெட்டு ஓடாமல் கட்டை பிடித்து நிறுத்திவிடும். ஊர் ஊராக அவன் பேரைச் சொன்னார்கள்.

பண்டகசாலை அதிகாரி விசயபாலருக்கு அது பொறுக்கவில்லை. "மன்னா, கப்பி கொடுத்தது தாங்கள், கும்பிடு மட்டும் தச்சனுக்கா? சும்மா கிடைப்பதை யார் மதிப்பார்கள்? சாவடியைப் பூட்டுவோம். எல்லாவற்றிலும் தங்கள் சிங்க முத்திரையைக் குத்தி நாமே விற்போம்" என்றார்.

சிங்கம் என்றதும் ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மந்திரி என்ன சொல்கிறீர்?"

அன்றைக்கு ராஜா ஏற்கெனவே இரண்டு பேரைச் சவுக்கால் அடிக்கச் சொல்லியிருந்தான். "தங்கள் சித்தம்" என்றார் நாகதேவர். சட்டம் வந்துவிட்டது. சொந்தமாகச் செய்து மாட்டினால் தண்டனை.

கோடை மழை நாலு தூறல் போட்டது. மறுவாரமே இரண்டு ஊர்க் கிணறுகளில் சிங்க முத்திரைக் கட்டை முறிந்து மூன்று பேர் செத்தார்கள். ராஜா கொதித்துப்போனான்.

"கட்டையை யோசித்துச் செய்தவன் அந்தத் தச்சன்தானே, மன்னா? நாங்கள் அச்சு அசலாகத்தான் செய்தோம். வேலையே கோணல்" என்று விசயபாலர் கையை விரித்தார்.

"நாளை உச்சிப்பொழுதில் அவன் வலக்கையை வெட்டுங்கள்" என்றான் ராஜா.

நாகதேவர் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். பாழாய்ப்போன வாய், அன்றே திறந்திருந்தால் மூன்று உயிர் பிழைத்திருக்கும். நேரே சிறைக்குப் போனார்.

அம்மையப்பன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். "ஐயா, ஈரம் பட்டா கட்டையைப் பிடிச்சிருக்கிற உள்முளை, அந்த மர ஆணி, இத்துப்போகும், மழைக்கு அப்புறம் புது முளை போடணும்னு நாலு ஊர்க்காரங்க ஓலை கட்டியிருந்தாங்களே. அதைப் படிக்காமயா இறங்கினாங்க?"

நாகதேவர் பண்டகசாலைக்குப் போய்ப் பார்த்தார். எண்ணெய் பூசிப் பளபளவென்று அடுக்கியிருந்த கட்டைகளில் ஒரு நறுக்குக்கூட இல்லை. குறையைத் தொங்கவிட்டால் யார் வாங்குவார்கள்? சாவடியிலிருந்து எடுத்த மாதிரிக் கட்டையில் இருந்ததை அறுத்தெறிந்துவிட்டார்கள், புதியவற்றில் கட்டவே இல்லை. ஆனால் கேட்டால், ஓலையா, நான் பார்க்கவே இல்லையே என்பார் விசயபாலர். சாட்சி ஏது?

மறுநாள் அரண்மனைக் கிணற்றடியில் கூட்டம். சங்கிலியோடு தச்சன், ஓரமாக, செத்தவர்களில் ஒருவனுடைய மனைவி பூவாத்தாள்.

"மன்னா, தச்சனுக்குத் தண்டனை இருக்கட்டும். முத்திரைக் கட்டை என்றாலே ஜனங்கள் இப்போது பயப்படுகிறார்கள். சிங்கத்துக்கு அவமானம் இல்லையா? விசயபாலரே ஒருமுறை கூடையில் இறங்கி ஏறினால் பயம் தெளிந்துவிடும்" என்றார் நாகதேவர்.

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் போதும். "இறங்கும்."

விசயபாலர் மேலே கட்டையை ஏறிட்டுப் பார்த்தார். மறுத்தால் சிங்கத்தை மறுத்ததாகும். ஒரு காலைக் கூடைக்குள் வைத்தார். கீழே எட்டிப் பார்த்தார். பிறகு கயிறு பிடித்தவனிடம் குனிந்து, "அடேய், முளையை மாற்றினாயா? மழைக்கு முந்திப் போட்ட முளையா இது?" என்றார்.

"கொஞ்சம் உரக்கக் கேளும், மன்னர் காதிலும் விழட்டும்" என்றார் நாகதேவர்.

ராஜா எழுந்து வந்தான். "முளையை மாற்ற வேண்டும் என்று உமக்கு யார் சொன்னது?"

விசயபாலர் வாய் குழறியது. "ஓலையில்... போட்டிருந்தது..."

"படித்தீர். படித்துவிட்டு அறுத்தீர்" என்றார் நாகதேவர்.

தச்சனின் சங்கிலியைக் கழற்றினார்கள். "இனி இந்தச் சீமையில் யார் எதைப் புதிதாகச் செய்தாலும், முதல் கூடையில் இந்த விசயபாலன்தான் இறங்க வேண்டும், சாகும்வரை" என்று ராஜா தீர்ப்புச் சொன்னான். சாவடியைத் திறக்கச் சொன்னான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினான்.

"அன்றைக்குத் தங்கள் சித்தம் என்று சொன்ன வாய் இது. எனக்கு வேண்டாம், மன்னா" என்றார் நாகதேவர்.

ராஜா மாலையைப் பூவாத்தாளிடம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"எனக்கு எழுத்துத் தெரியும் சாமி. எம் புருசனுக்குத் தெரியாது. எப்பவும் நான்தான் ஓலையைப் படிச்சுச் சொல்லுவேன், அப்புறம்தான் இறங்குவாரு. அன்னிக்கு நானும் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒண்ணும் கட்டலை. குறை இல்லை, இறங்குங்கன்னு நான்தான் சொன்னேன்" என்றாள்.

மாலையை நீட்டிய கை அப்படியே நின்றது. அன்றைக்கு யாரும் மன்னர் வாழ்க என்று சொல்லவில்லை, ராஜாவும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.