கனலி அனுப்பிய காற்று

வானத்தில் இருப்பவை எல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், விண்மீன்களுக்கு வயது தெரியாது. பிறந்த அன்று சுழன்ற வேகத்திலேயே என்றைக்கும் சுழன்றுகொண்டிருந்தன.

கனலியும் தழலனும் ஒரே முகிலின் வயிற்றில் பிறந்தவர்கள். ஒரு மூச்சு முந்திப் பிறந்ததால் கனலி அக்கா. இருவரும் பம்பரமாகச் சுற்றுவார்கள். "அக்கா, என்னைவிட வேகமாகச் சுற்று பார்க்கலாம்!" என்று தழலன் சிரிப்பான்.

ஒருநாள் இருண்ட பெருமுகில் ஒன்று அவர்கள் நடுவே புகுந்து போனது. அதன் இழுப்பில் தழலன் அடித்துச் செல்லப்பட்டான். "அக்கா!" என்ற குரல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

விண்மீனால் நினைத்த திசையில் போக முடியாது. கனலி தன்மேல் வீசிக்கொண்டிருந்த காற்றிடம் கெஞ்சினாள். "என் தம்பியைத் தேடிப் போவாயா?"

"எனக்கு ஏது அவ்வளவு வேகம்? உன் சுழற்சியில் ஒரு பிடி கொடு, போகிறேன்" என்றது காற்று. "ஆனால் கொடுத்தது திரும்பி வராது, கனலி."

"தம்பியே போய்விட்டான். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?"

கொடுத்தாள். போன காற்று திரும்பவில்லை. இன்னொன்றை அனுப்பினாள். அதுவும் வரவில்லை. யுகங்கள் கழிந்தன. அனுப்ப அனுப்ப அவள் சுழற்சி தளர்ந்துகொண்டே போனது.

கடைசியில் ஒரு விண்மீன் அவள் பக்கமாகக் கடந்து போனது. அதுவும் மிக மெதுவாகச் சுற்றியது.

"ஐயா, என் தம்பியைப் பார்த்தீர்களா? சின்னவன். பம்பரமாகச் சுற்றுவான்."

"இல்லையே அம்மா. நானும் என் அக்காவைத்தான் தேடுகிறேன். காற்றை அனுப்பி அனுப்பியே ஓய்ந்துவிட்டேன். அவள் சுற்றினால் பொறி பறக்கும். கண்ணில் பட்டால் சொல்லுங்கள்."

"சொல்கிறேன் ஐயா."

அவர் நெடுந்தூரம் போன பிறகுதான் கனலிக்கு உறைத்தது. அவர் ஒரு சுற்றுச் சுற்றிய நேரமும் அவள் ஒரு சுற்றுச் சுற்றும் நேரமும் ஒன்று. அவள் தளர்ந்த அளவுக்கே அவரும் தளர்ந்திருந்தார். அவள் பிரிந்த அதே நாளில் பிரிந்து, அத்தனை காலம் தேடியவர் வேறு யார்?

"தழலா!" என்று அலறினாள். இன்னொரு பிடி அள்ளிக் காற்றை அனுப்பினாள். அது அவனை எட்டியதா என்று யாருக்கும் தெரியாது.

இந்தச் சேதி வானமெங்கும் பரவியது. கூடப்பிறந்ததைத் தொலைக்காத விண்மீன் எது? அன்று முதல்தான் எல்லா விண்மீன்களும் தங்கள் சுழற்சியைப் பிடிபிடியாகக் காற்றிடம் கொடுத்து மெல்ல மெல்லத் தளர்கின்றன. எவ்வளவு தளர்ந்ததோ அவ்வளவு வயது என்று, நாமும் அவை சுற்றும் வேகத்தை அளந்து அவற்றின் வயதைச் சொல்கிறோம்.