‘பழம்!’ என்று கூவிய ஊர்

பாலைவனத்தின் ஓரத்தில் சின்னான் என்ற கொண்டைக்குருவியும் அதன் துணை மின்னியும் வாழ்ந்தன. சின்னான் ஒரு கவி. கூடு முடைய ஒரு பாட்டு, பனித்துளி குடிக்க ஒரு பாட்டு, மின்னியின் கோபத்துக்குக்கூட ஒரு பாட்டு கட்டி வைத்திருந்தது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கொத்தித் தின்ன ஒரு பழம் இல்லை.

"நீ கிழக்கே தேடு. நான் மேற்கே போறேன்," என்றது சின்னான். "பழம் கண்டவங்க கூப்பிடணும். மத்தவங்க பதில் குரல் கொடுக்கணும்."

"பதில் வரலைன்னா?"

"செத்துட்டேன்னு நினைச்சு வேற காட்டுக்குப் போயிடு!"

"விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதே!" என்று முறைத்துவிட்டு மின்னி கிழக்கே பறந்தது.

மேற்கே மணல்மேட்டைத் தாண்டியதும் சின்னானின் காதில் ஒரே கூச்சல். "பழம்! பழம்! அடிச்சான் பாரு பழம்!"

நாக்கில் நீர் ஊறியது. சிறகு தெறிக்கப் பறந்தது சின்னான்.

அது ஒரு சூதாட்ட ஊர். பாறையெங்கும் தாயக்கட்டங்கள் கீறப்பட்டிருந்தன. ஊருக்கு உடும்புதான் முதலாளி. ஒட்டகம் ஒன்று தன் நிழலைப் பணயம் வைத்துத் தோற்றிருந்தது. அதனால் உடும்பின் தலைமேல் நிழல் விழும்படி அசையாமல் நின்றது. தூக்கத்தைத் தோற்ற முயல் ஒன்று, கண் சிவக்கக் கட்டையை உருட்டிக்கொண்டிருந்தது.

"காய் வீடு சேர்ந்துடுச்சு! பழம்!" என்று துள்ளியது முயல்.

"எங்கே? எங்கே பழம்?" சின்னான் கழுத்தை நீட்டியது.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. "அட, புது ஆளு! கட்டத்தைச் சுத்தி வந்து நடுவீடு சேர்ந்த காய்க்குத்தான் பழம்னு பேரு!"

"தின்ன முடியாதா?"

"தின்கிற பழம் யாருக்கு வேணும், கவிராயரே?" என்றது உடும்பு. "என் ஊர்ச் சட்டத்தைக் கேளும். இங்கே ஒரு பழம் வச்சா, தோத்ததெல்லாம் திரும்பி வரும்!"

முயல் தன் பழத்தை வைத்தது. தூக்கம் திரும்பி வந்தது. ஒரு கொட்டாவி விட்டது. மறுநொடியே "இன்னொரு ஆட்டம்!" என்று அதே தூக்கத்தை வைத்தது, தோற்றது.

சின்னான் அப்போதே திரும்பியிருக்க வேண்டும். ஆனால் கட்டை கலகலவென்று உருண்டதே! அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளும் உருண்டது.

"ஒரே ஓர் ஆட்டம்! கூடுமுடையும் பாட்டை வைக்கிறேன்!"

"வை! தோத்த பாட்டை அப்புறம் பாடக் கூடாது, தெரியுமில்ல?" என்றது உடும்பு.

"தாயம்!" என்று கூவியது சின்னான். காய் இறங்கியது. ஓடியது. "வெட்டு!" என்றது உடும்பு. கூடு முடையும் பாட்டு போயிற்று. பனித்துளிப் பாட்டும் போயிற்று. கோபப் பாட்டும் போயிற்று. கடைசியில் மின்னிக்குத் தரவேண்டிய பதில் குரல் ஒன்றுதான் மிச்சம்.

"ஒரு பழம் வந்தா எல்லாம் திரும்பிடும்!" சின்னான் அதையும் வைத்தது.

காய் வீடு சேர இன்னும் ஒரே கட்டம். உடும்பு உருட்டியது.

"வெட்டு!"

அந்த நொடியில் வானத்திலிருந்து மின்னியின் குரல் கேட்டது. "எங்கே இருக்கே? எங்கே இருக்கே?"

சின்னான் வாயைத் திறந்தது. உடும்பு அதன் காலைப் பிடித்துக்கொண்டது. உடும்புப் பிடி! "பாடாதே! பந்தயம் பந்தயம்தான்!"

மீண்டும் குரல் வந்தது. இந்த முறை தூரத்தில்.

'தின்கிற பழம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் உட்கார்ந்தேன்?' சின்னான் தன்னையே நொந்துகொண்டது. சட்டென்று ஒரு யோசனை. 'பதில் குரலைத்தானே தோற்றேன்? வாலை வைக்கவில்லையே!'

அப்படியே குனிந்து வாலை உயரத் தூக்கி ஆட்டியது. கொண்டைக்குருவியின் வாலடி மிளகாய்ப்பழம்போல் சிவப்பு. சாம்பல் பாறையின் நடுவே அது பளிச்சென்று தெரிந்தது!

மின்னி சர்ரென்று இறங்கியது. காலில் ஓர் இலந்தைப்பழத்தை இடுக்கியிருந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? பதில் சொல்ல மாட்டியா?"

"பதில் குரலைத் தோத்துட்டேன், மின்னி."

"தோத்துட்டியா! மீட்க என்ன வழி?"

"ஒரு பழம் வைக்கணும்."

"அவ்வளவுதானே?" மின்னி இலந்தைப்பழத்தை நடுவீட்டில் வைத்தது. "இதோ, பழம்!"

"செல்லாது! செல்லாது!" உடும்பு கத்தியது. "இது வெறும் பழம்!"

எல்லோர் மூக்கிலும் இலந்தை வாசனை ஏறியது. ஒட்டகம் மெல்லக் கேட்டது: "இது பழம் இல்லேன்னா, எது பழம், உடும்பாரே?"

உடும்பு மறுபடி "செல்லாது" என்று சொல்லப் பார்த்தது. ஆனால் அதன் நாக்கே அதன் பேச்சைக் கேட்கவில்லை. நழுவி வெளியே வந்து, பழத்தை ஒரு நக்கு நக்கியது. அந்த ருசியில் பிடி தளர்ந்தது.

"ருசி பார்த்துட்டாரு! செல்லும்! செல்லும்!" ஊரே ஆர்ப்பரித்தது.

சின்னான் மேலே எழும்பி, எல்லாப் பாட்டையும் ஒரே மூச்சில் பாடியது. கோபப் பாட்டை மட்டும் மின்னியே நிறுத்தச் சொன்னது.

"இன்னும் இருக்கா, தாயி?" என்றது ஒட்டகம்.

"கிழக்கே புதரே சிவந்து கிடக்கு, அண்ணே!"

இனி உடும்பின் பந்தயத்தை யார் மதிப்பார்கள்? ஒட்டகம் நடந்தது. அதன் நிழலும் கூடவே நடந்தது. முயல் முன்னால் ஓடியது. ஊரே பின்னால் ஓடியது. உடும்பின் தலையில் வெயில் சுளீரென்று விழுந்தது. அது தனியே கட்டையை உருட்டி, "பழம்!" என்று கூவியது. கேட்க யாருமில்லை.

அன்று இலந்தைப் புதரடியில் முயல் வாயில் பழத்தோடு தூங்கிப்போயிற்று.

பெயரில் மட்டும் பழமாக இருப்பது பசி தீர்க்காது. அதற்காகச் சொந்தக் குரலைப் பணயம் வைப்பவன், தன்னைத் தேடி வருபவருக்குப் பதில் சொல்லவும் வழியில்லாமல் நிற்பான்.